உறைக்கு முன்னால் கல்லோடு

8.7.1996
திங்கள் இரவு

அன்புள்ள மாமிக்கு,

லிஜா எழுதுகிறேன். காகிதம் மீன் நாறினால் கோபப்படாதீர்கள். திருப்புறம் வழியாக மீன் கொண்டு வருகிற வயலட் அக்காவின் வட்டிக் கூடையில், மீனை மூடும் இலைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "எனக்கு ஒண்ணும் அறிய வேண்டாம் பிள்ளே. உனக்க அம்மையிட்ட சாளை வாங்கச் சொல்லு, அது போதும்" என்றார்கள்.

அப்பா உறங்கிவிட்டார். விளக்கை மேசைக்கு அடியில் வைத்து, பாயில் குப்புறக் கிடந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் அணைத்துவிடுவேன்.

அப்பாவுக்கு நீங்கள் சொந்த அக்கா, ஆனாலும் இந்த வீட்டில் உங்கள் பேச்சை எடுக்கக் கூடாது. நேற்று தெரியாமல் "மாமி வீட்டு மாங்காய்" என்று சொல்லிவிட்டேன். அப்பா சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஒரே சரிவுச் சாலையில் எங்களது மேல் வீடு, உங்களது கீழ் வீடு. உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட இங்கே கேட்கும். நடுவில் ஓர் எல்லைக்கல் நிற்பதால் நாங்கள் கேரளம், நீங்கள் தமிழ்நாடு. அதை யாராவது முன்பு நினைத்தோமா?

இங்கே என்ன பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். பஞ்சாயத்து அந்தக் குப்பைத் தொட்டியைக் கொண்டு வந்தபோது எல்லாருக்கும் சந்தோஷம்தான். தொட்டி என்றால் என்ன, கிணற்றுக்குள் இறக்குகிற வட்டச் சிமெண்ட் உறை, அடிப்பாகம் கிடையாது. அப்பாவின் வாழைக்குலைக் கடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். புதன்கிழமைதோறும் டிராக்டர் வந்து அள்ளியது. மழை தொடங்கியதும் வரவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு அங்கிருந்த சார், "அதில் பகுதி தமிழ்நாட்டிண்டெ வேஸ்டாணு, ஞங்ஙள் எடுக்கில்ல" என்று பாதிக் குப்பையை உங்கள் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு புழு வந்தது, ஈ வந்தது. கடையில் குலைகள் தொங்கியபடியே கறுத்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு யார் பழம் வாங்குவார்கள்?

அதன் பிறகுதான் அப்பாவும் ஆட்களும் உறையைச் சரிவில் உருட்டி உங்கள் மதிலோரம் கொண்டு வைத்தார்கள். அது சரி என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் மகன் வினீத் அத்தானும் கூட்டாளிகளும் மேலே உருட்டிக் கொண்டு வந்தார்கள். இவர்கள் மறுபடி கீழே. இப்போது மேலே இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் இருக்குமோ.

உங்கள் கிணற்று வெள்ளம் நாறுகிறது என்று வயலட் அக்கா சொன்னார்கள். உண்மையா, மாமி?

லிஜா


10.7.96

லிஜாவுக்கு மாமி எழுதுவது.

இனி எழுதாதே. உன் அப்பன் கையில் சிக்கினால் உரிவது உன் முதுகுத் தோல்தான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறேன். உண்மை. வாளியைத் தூக்கினால் வெள்ளத்தின் மேல் எண்ணெய் போல ஒரு படலம் மிதக்கிறது. அந்த உறை மதிலோரம் இருந்த நாட்களில் மழை பெய்யப் பெய்ய அதன் சாறு மண்ணுக்குள் இறங்கியது. மதிலுக்கு இந்தப் பக்கம் கிணறு. வேறு எங்கே போகும்? குடிக்கிற வெள்ளத்தை நான் பள்ளிக்கூடத்துப் பைப்பிலிருந்து சுமக்கிறேன்.

எங்கள் பக்கம் பஞ்சாயத்துக்குத் தலைவரே இல்லை. தனி அலுவலர் என்று ஒருவர். "அந்த உறை கேரளத்துச் சொத்து, நாங்க தொட்டா கேஸாகும்" என்றார். உள்ளே கிடக்கிற குப்பை யாருடைய சொத்து என்று கேட்டேன். தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்.

அதனால்தான் உங்கள் பஞ்சாயத்தில் போய் மனு கொடுத்தேன். யார் உருட்டுகிறார்கள் என்று பெயர் வேண்டும் என்றார்கள். உன் அப்பன் பெயரை, வேதமணி என்று எழுதினேன். வேறு யார் பெயரை எழுத? பின்னால் நாலு பேர் கயிறு கட்டி இழுத்துப் பிடித்து வருவார்கள். உறைக்கு முன்னால் கருங்கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறவன் அவன் ஒருத்தன்தான். உறை துள்ளினால் அடியில் கல்லை வைப்பான். கிணறு வெட்டுகிறவர்களோடு போய்ப் பழகியது. எங்கள் கிணற்றுக்கு உறை இறக்கியபோதும் இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கல்லோடு வந்தான். வேறு யாரையும் முன்னால் நிற்க விடவில்லை. அந்தக் கிணற்றில்தான் இப்போது புழு.

வினீத் மதிலுக்கு வெளியே கட்டில் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி அங்கேயே கிடக்கிறான். தலைமாட்டில் வெட்டுக்கத்தி. சொன்னால் கேட்பதில்லை.

ஒழுங்காகப் படி. எழுதாதே.

சத்தியபாய்


15.7.1996
திங்கள் இரவு

அன்புள்ள மாமிக்கு,

எழுதாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்களாம். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் ஒரு போலீஸ்காரர், "இவனாணு பெங்ஙளுடெ கிணற்றில் சவறு இட்டவன்" என்று, சொந்த அக்கா கிணற்றில் குப்பை போட்டவனாக அப்பாவைக் காட்டிக் காட்டிச் சிரித்தாராம். அப்பா வந்து குளித்தார். குளியலறையில் வெள்ளம் விழுகிற சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. அப்பா அழுது நான் கேட்டதில்லை. அதனால் அதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அதோடு முடியவில்லை. நேற்று ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு ஜெயதாஸ் மாமன் எல்லார் முன்னிலும் கேட்டார்: "என்ன வேதமணி, இனி அக்கச்சிக்க பக்கம் போவியா? காலு முட்டு விறைக்குமே!" எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்று. வினீத் அத்தான் இன்று பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் என்னை நிறுத்தினார். "உனக்க அப்பன்ட்ட சொல்லு. இனி உறை இங்கோட்டு உருண்டா, உருட்டின கை தோளில இருக்காது" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிகிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிகிறது.

உறையைச் சுற்றி இப்போது சாலைவரை குப்பை. யாரோ ஒரு கட்டு பழைய டியூப்லைட் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் நொறுங்கிக் கிடக்கிறது. ஒரு நாய் கால் கிழிந்து எங்கள் முற்றம் வரை இரத்தம் சொட்டிக்கொண்டு வந்தது. அப்பா ஸ்டேஷனிலிருந்து வந்த பிறகு என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "செருப்பில்லாம அந்தப் பக்கம் காலு வச்சா அடிச்சுக் கொல்லுவேன்."

மனுவை நீங்கள் திரும்ப வாங்கினால் என்ன, மாமி?

லிஜா


16.7.96

லிஜா,

அழுதானா? நீ கேட்டது நிஜம்தானா?

மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன். வாங்கினால் நான் பொய் எழுதினேன் என்றாகும். எனக்குக் குடிக்க வெள்ளம் வேண்டும். பெஞ்சில் உட்கார்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. டிராக்டரை அனுப்பச் சொல்லித்தான் எழுதினேன். டிராக்டருக்குப் பதிலாகப் போலீஸை அனுப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வினீத்துக்கு நல்லது கொடுத்தேன். வயசுக்கு வந்த பையனை அடிக்கக் கூடாது என்பார்கள். கன்னத்தில் கொடுத்தேன். உன் வழியில் இனி நிற்கமாட்டான். ஆனால் கட்டிலை மட்டும் மாற்ற மறுக்கிறான்.

அப்பன் சாப்பிடுகிறானா?

மாமி


18.7.1996
வியாழன் இரவு

மாமி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் கடையின் பின்னால் குலை அடுக்குகிற இடத்தில் அப்பாவும் ஜெயதாஸ் மாமனும் இன்னும் மூன்று பேரும் பேசினார்கள். அம்மா என்னைக் காப்பி கொண்டு கொடுக்க அனுப்பினாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். சனிக்கிழமை விடிவதற்கு முன்பு உறையை உருட்டப் போகிறார்கள். மதிலோரம் வைக்க அல்ல. மதிலை உடைக்க.

ஜெயதாஸ் மாமன் சொன்னார்: "மதிலு பொளிஞ்சா உறை நேரே கிணத்துல. பின்ன யாரு அதை மேல ஏத்துவாவ? சண்டை தீந்தாச்சு."

ஒருவர் கேட்டார்: "வேதமணி, நீ என்ன சொல்லுதே? உனக்க அக்கச்சிக்க கிணறாக்கும்."

 நான் காத்திருந்தேன் மாமி. 'வேண்டாம்' என்று அப்பா சொல்வார் என்று காத்திருந்தேன். காப்பி ஆறிவிட்டது.

மதிலுக்கு வெளியே வினீத் அத்தான் கட்டில் போட்டுக் கிடப்பது இங்கே யாருக்கும் தெரியாது. பகலில் கட்டிலை உள்ளே எடுத்துவிடுகிறீர்கள். அப்பாவிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். வினீத் அத்தானுக்குத் தெரிந்தால் வெட்டுக்கத்தியோடு காத்திருப்பார். யாரிடம் சொன்னாலும் யாரோ ஒருவர் சாவார் போல இருக்கிறது. அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வினீத் அத்தானை எப்படியாவது அங்கிருந்து மாற்றுங்கள். காரணம் சொல்லாதீர்கள்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தத் தடவை அவர்கள்


19.7.96
வெள்ளி

லிஜா,

உன் காகிதம் பாதியில் நிற்கிறது. அப்பன் இருமினான் போல. போகட்டும், தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

வயலட் முற்றத்தில் நிற்கிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். வினீத்தைக் காட்டாக்கடைக்கு அனுப்பிவிட்டேன். அவன் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய். நாளை ராத்திரிதான் திரும்புவான். வெட்டுக்கத்தியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

இன்றைக்கு அந்தக் கட்டிலில் நான் கிடப்பேன்.

பயப்படாதே. நான் யோசித்துத்தான் செய்கிறேன். மதில் உடைந்தால் கட்டலாம். கிணற்றில் உறை விழுந்தால், பிறகு உன் அப்பனும் நானும் செத்தாலும் ஒருவர் முகத்தில் மற்றவர் முழிக்க முடியாது. அந்த இடத்துக்கு இதைப் போக விடமாட்டேன். உறைக்கு முன்னால் வருகிறவன் அவன். கல்லை அணைத்துக்கொண்டு மதிலருகே வரும்போது கட்டிலில் என் முகத்தைப் பார்ப்பான். பார்த்த பிறகும் மேலே வரட்டும், பார்க்கலாம். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் நடந்தவள் நான்.

நீ வீட்டுக்குள் இரு. வெளியே வராதே.

மாமி


19.7.1996
வெள்ளி இரவு

மாமி, மாமி,

உங்கள் கடிதம் மத்தியானமே வந்தும் இப்போதுதான் வாசிக்க முடிந்தது. அப்பா இன்று கடைக்குப் போகவில்லை. திண்ணையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மீன் வாங்கிய சட்டியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பாவாடைக்குள் சொருகி, விளக்கணைக்கும்வரை சுமந்துகொண்டு நடந்தேன்.

நேற்று நான் எழுதாமல் விட்டது இதுதான். இந்தத் தடவை கயிறு இல்லை. முன்னால் ஆளும் இல்லை. சாலை வளைவுவரை கொண்டு வந்து அங்கிருந்து தள்ளிவிடப் போகிறார்கள். "கயிறும் வேண்டாம், கல்லும் வேண்டாம். ஒரே தள்ளு" என்று ஜெயதாஸ் மாமன் சொன்னார். அதை எழுதப் போகும்போதுதான் அப்பா இருமினார். விளக்கை அணைத்துவிட்டேன். காலையில் எடுத்துப் பார்க்காமல் அப்படியே மடித்து வட்டியில் வைத்துவிட்டேன். பார்த்திருந்தால் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரே ஒரு வரி.

அப்பா முன்னால் வரமாட்டார், மாமி. வளைவிலிருந்து பார்த்தால் உங்கள் மதில் தெரியாது. உங்கள் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இதை யாரிடம் கொடுப்பேன்? வயலட் அக்கா நாளை காலையில்தான் வருவார்கள். முன்வாசலில் அப்பா கட்டில் போட்டுக் கிடக்கிறார். பின்வாசல் கொண்டி சத்தம் போடும். மழை கொட்டுகிறது. இங்கிருந்து கத்தினால் உங்களுக்குக் கேட்காது.

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

அப்பாவை எழுப்பிச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அடிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போகிறேன்.

முன்வாசலில் ஜெயதாஸ் மாமனின் குரல் கேட்கிறது. மழை விடுகிறதாம், இப்போதே போகலாம் என்கிறார். அப்பாவின் கட்டில் கிறீச்சிட்டது. அவர்


23.7.96
நெய்யாற்றின்கரை ஆசுபத்திரி

மக்களே லிஜா,

வினீத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவான். நீ பேசு.

நீ சனிக்கிழமையிலிருந்து வாய் திறக்கவில்லை என்று உன் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அப்பன் காலைக் கெடுத்தது நீதான் என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறாயாம். மேலே நின்ற உனக்குத் தெரியாததைக் கீழே கிடந்த நான் சொல்லுகிறேன், கேள்.

பிளாஸ்டிக் தாளில் மழைத்துளி விழுகிற சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதலில் கேட்டது உன் சத்தம். "அப்பா, கீழ மாமி கிடக்கியாவ!" என்று ஒரு கூப்பாடு. அடுத்தது உன் அப்பன் சத்தம்: "எலே விடாத! பிடி, பிடி!" அதற்குள் விட்டுவிட்டார்கள். வளைவுக்குக் கீழே குவிந்து கிடந்த குப்பைச் சேற்றில் உறை சிக்கி நின்று ஆடியது. நின்றது நல்லதாகப் போயிற்று. அந்த நேரத்துக்குள் அவன் அதைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். எங்கிருந்து எடுத்தான் என்று தெரியாது, நெஞ்சில் ஒரு கல்.

"அக்கச்சி, எழும்பி மாறு!" என்றான். நான் எழும்புவதற்குள் உறை சேற்றை விட்டு இறங்கியது. அவன் விலகவில்லை. குனிந்து கல்லை வைத்தான். உறை கல்லில் ஏறி, அவன் காலோடு சரிந்து, எல்லைக்கல்லில் மோதி உடைந்தது.

அவன் முன்னால் கல்லோடு வருவான் என்று நான் உனக்கு எழுதியிருந்தேன். வந்தான். ஆனால் நீ கூப்பிட்டதால் வந்தான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போயிருக்கிறது. கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பான், கொஞ்சம் சாய்ந்து நடப்பான் என்கிறார் டாக்டர். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்திருந்தது ஜெயதாஸ். வழியெல்லாம் அவனும் அழுதான். இரண்டு பக்கத்துப் போலீஸும் வந்து சம்பவம் நடந்தது எந்த மாநிலத்தில் என்று நாடா பிடித்து அளந்தார்கள். கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கிணற்றைப் பற்றிய மனு மட்டும் இருக்கட்டும் என்றேன். "இருக்கட்டு, நானும் அதில கையொப்பிடுதேன்" என்கிறான் உன் அப்பன்.

நேற்று கஞ்சி கொடுக்கும்போது அவன் கரண்டியைப் பிடித்து நிறுத்தினான். பிறகு கேட்டான்: "அக்கச்சி, பிள்ள அந்த இருட்டில ஓடி வந்தாளே, காலுல செருப்பு கிடந்ததா? அங்க முழுக்க குப்பிச்சில்லாக்கும்."

எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்து சொல்லு என்கிறான். இன்றும் கேட்டான். சொல்லு மக்களே.

மாமி


24.7.1996
புதன், மத்தியானம்

அன்புள்ள மாமிக்கு,

இதை மேசை மேல் வைத்துப் பகலில் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாளைக்குச் செதில் எடுக்கிறாள். அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். "தினமும் சாளை வாங்கச் சொல்லுதே, நமக்கு என்ன கல்யாண வீடா?" என்று கேட்டுவிட்டு இன்றைக்கும் வாங்கினாள்.

இன்று காலை டிராக்டர் வந்தது. சாலை முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். பஞ்சாயத்து ஆட்கள் நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கி அள்ளினார்கள். எல்லைக்கல்வரை அள்ளினார்கள், மாமி. கோடு போட்டது போல. உடைந்த உறையிலும் மேல் பக்கத்துத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்துக்கு யார் வருவார்கள் என்று வினீத் அத்தான் கேட்டார். "அது ஞங்ஙள்க்கு அறியில்ல" என்று சொல்லிவிட்டு டிராக்டர் போய்விட்டது.

அத்தான் மண்வெட்டியை எடுத்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தனியாக அள்ளினார். பிறகு ஜெயதாஸ் மாமன் கடவக் கூடையோடு வந்து எதிரில் நின்றார். அத்தான் அள்ளியதை அதில் போட்டார். எங்கள் வாழைகளுக்குப் பின்னால் குழி வெட்டி மூடுகிறார்கள், கிணற்றிலிருந்து தூரத்தில். இன்னும் முடியவில்லை, சத்தம் கேட்கிறது. நாளை உங்கள் கிணற்றை இறைக்கப் போகிறார்களாம்.

அப்பா கேட்டதற்குப் பதில்.

எனக்கு இடது காலில் கட்டு இருக்கிறது. வயலட் அக்காதான் ஊசியால் சில்லு எடுத்தார்கள். ஒரு சின்னத் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, அழுத்தினால் தெரியும். அம்மா ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டி வருகிறாள். அதற்குள் நொண்டாமல் நடக்கப் பழகிவிடுவேன்.

செருப்பு போட்டிருந்தேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், மாமி.

லிஜா